உமிக் கங்காணி

என்னிடம் ஓர் அரைத்தாள் இருக்கிறது. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்தது. சிங்களத்தில், பென்சிலால் எழுதியது. மேல் மூலையில் 1965 ஏப்ரல் 18 என்று தேதி. அதை நான் தமிழில் பெயர்த்து வைத்திருப்பது இப்படி:

"கிளாக்கர் மாத்தயாவுக்கு. இன்று காலை எங்கள் வயலுக்கு உமி வந்தது. நாங்கள் கூப்பிட்டோம். மேலேயிருந்து பதில் வரவில்லை. மேலே நின்றது யார் என்று விசாரித்து எழுதவும்."

எழுதியவர் கீழ்க் கிராமத்து வெல்விதானை. வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் அந்தப் பதவி சில ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி ஒழிந்திருந்தது. ஆனாலும் ஊரும் தோட்டமும் அவரை விதானை என்றே அழைத்தன. நான் தோட்டத்து ஆபீசில் இரண்டாம் கிளாக்கர்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டுமானால் கான் கங்காணியிடமிருந்து தொடங்க வேண்டும்.

தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைக் கான் என்போம். அதை வெட்டும், தூர் வாரும் ஆட்களுக்குத் தலைவர் கான் கங்காணி. எங்கள் கங்காணிக்கு ஒரு பெயர் உண்டு. அது என் குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை. தோட்டத்தில் அவரை உமிக் கங்காணி என்றுதான் சொன்னார்கள்.

ஆள் குள்ளம். எந்தக் காலத்துத் துரையோ போட்டுக் கழித்த கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும். அதன் வலது பையில் எப்போதும் இரண்டு பிடி நெல் உமி. இடது பையில் பாதி தண்ணீர் ஊற்றி அடைத்த ஒரு போத்தல். போத்தலைக் கம்பின் மேல் படுக்க வைத்து, உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துத்தான் கானுக்கு வாட்டம் பிடிப்பார். புதிதாக வந்த கண்டாக்கு ஐயா, அதாவது வெளிவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன கங்காணி, காலையிலேயே போத்தலா?"

"தண்ணிங்க ஐயா. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "வாடை வருதே."

"குடிச்சது போத்தலுங்க. நான் குடிக்கல."

உமியின் கதை 1949இல் தொடங்குகிறது. எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில், ஒரு மலையின் மேல் பாதியில் இருந்தது. கீழ்ப் பாதியில் சிங்களக் கிராமம், அதன் வயல்கள். அதற்கும் கீழே பொல்பிட்டிய. எங்கள் பெரிய கான் திறந்து ஓடும்போது சேறு அவர்கள் வயலுக்குப் போகும். அவர்களுடைய எருமைகள் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பீலிக்கு மூங்கில் வழியே குடிதண்ணீர் வரும் ஊற்றில் படுத்துப் புரளும். அந்த ஊற்று லயத்துக்கு மேட்டில், கிராமத்தாரின் காட்டுக்குள் இருந்தது. லயத்தில் குடிதண்ணீர் எருமை நாற்றம் அடிக்க, வயலில் நாற்று சேற்றில் மூழ்க, அந்த ஆண்டு மார்ச்சில் யாரோ பீலியின் மூங்கிலை உடைத்தார்கள். யாரோ எருமை மேல் கல் எறிந்தார்கள். ஆபீஸ் முன்னால் இரண்டு கூட்டமும் வந்து நின்றது. துரை தோட்டத்து வரைபடத்தை மேசையில் விரித்து, எங்கள் கானிலிருந்து கிராமத்துக்குச் சேறு போக வழியே இல்லை என்று பென்சிலால் காட்டினார். வரைபடத்தை எடுத்துக் கொடுத்தவன் நான்.

கங்காணி பின்னால் நின்றிருந்தார். "கீழ ஆள் நிக்குதாங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை.

"தண்ணி போகல்லன்னு மேல நின்னு சொல்றோம். கீழ நின்னு யாராச்சும் பாத்தாங்களா?"

அடுத்த ஞாயிறு அவரே ஏற்பாடு செய்தார். கிராமத்திலிருந்து ஒரு சாக்கு உமி வந்தது. லயத்தில் நெல் ஏது, உமி ஏது? அதைச் சுமந்து வந்த கிராமத்து ஆட்களை மேலே கானின் தலைப்பில் நிறுத்தினார். எருமைக்குக் கல் எறிந்த எங்கள் பையன்களைக் கீழே கூட்டிப்போய் வயல் சேற்றில் கணுக்கால் வரை நிற்க வைத்தார். இடையில் கான் வளையும் ஒவ்வொரு முடக்கிலும் ஓர் ஆள். மேலே உமியை விட்டார்கள். போட்ட வெற்றிலையை மென்று துப்புவதற்குள் அது வரைபடத்தில் இல்லாத ஒரு மடை வழியாக வயலில் வந்து மிதந்தது. பிறகு எல்லோரையும் ஊற்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே எருமை படுத்த குழியை விதானை குனிந்து பார்த்தார். மறுவாரம் ஊற்றைச் சுற்றி முள்வேலி இருந்தது.

அதுமுதல் ஆண்டுதோறும் வருஷப் பிறப்புக்கு அடுத்த ஞாயிறு உமி நாள். சித்திரைப் பிறப்பு இரு சாராருக்கும் ஒரே நாள் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டார். மேலே கிராமத்தார், கீழே தோட்டத்தார் என்ற முறை மாறவே இல்லை. குரல் கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்தார். கேட்பவனுடைய பாஷையில் கூப்பிட வேண்டும். ஆகவே மேலே நிற்கும் சிங்களவர்கள் "விட்டாச்சு" என்பார்கள். கீழே நிற்கும் எங்கள் ஆட்கள் "ஆவா" என்று, வந்தது என்பதைச் சிங்களத்தில் சொல்லி, பதில் கொடுப்பார்கள். உமி எங்கே தேங்கியது, எங்கே கசிந்தது என்று ஒவ்வொரு முடக்கிலும் நின்றவர் வந்து சொல்ல வேண்டும். பார்க்காதவர் பேசக்கூடாது. அதன்பிறகு, எந்தக் கானை எந்த வாரம் வாருவது, வயலில் நடவு எப்போது என்று பேசி முடிப்பார்கள். நான் எழுதிக்கொள்வேன். மூன்று நான்கு ஆண்டுகளில் கொழுந்து எடுக்கும் பெண்கள்கூட, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்த மலையில் மண் சரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

"கீழ ஆள் நிக்குதா" என்பதை அவர் கானோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கல்யாணப் பேச்சு, கோயில் திருவிழா, சங்கக் கூட்டம் எல்லாவற்றிலும் அதே கேள்வி. சங்கத் தலைவர் ஒருமுறை ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கையில் நடுவில் எழுந்து இதைக் கேட்டு, கூட்டமே சிரித்தது. அவர் மனைவியிடம் நான் குறை சொன்னபோது, "எங்கிட்ட சொல்றீங்களா? சோறு போடவான்னு கேட்டாலே அடுப்பை வந்து பாத்துட்டுத்தான் பதில் சொல்வாரு இந்த மனுசன்" என்றார் அந்த அம்மா.

இனி நான் எழுத விரும்பாத ஆண்டுக்கு வர வேண்டும்.

1948இல் வந்த சட்டம் எங்கள் மக்களைப் பிரஜைகள் அல்லாதவர்கள் ஆக்கியது. மறு ஆண்டு வந்த இன்னொரு சட்டப்படி, இத்தனை ஆண்டு தொடர்ந்து இந்நாட்டில் இருந்தோம் என்று காட்டுபவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கங்காணி விண்ணப்பித்தார். எழுதிக் கொடுத்தவன் நான். மூன்று வயதில் இந்தியாவிலிருந்து தாய் முதுகில் வந்தவர், அதன் பிறகு கடல் பார்த்ததில்லை. ஆனால் நடுவில் இரண்டு ஆண்டு அவர் பெயர் எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் இல்லை. வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் எங்கள் மலையிலேயே கான் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கொந்தராத்துக்காரர் இறந்துவிட்டார். அந்த இரண்டு ஆண்டும் அவரை நாள்தோறும் மலையில் கண்டவர், பிரஜை, கையெழுத்துக்கு மதிப்புள்ளவர் ஒருவரே: விதானை. அவர் ஒரு கடிதம் கொடுத்தால் கங்காணி இந்த நாட்டுப் பிரஜையாகத் தங்கலாம். கொடுக்காவிட்டால் இல்லை. விசாரணை 1954 ஜூனில் என்று அறிவித்தல் வந்தது.

அந்த ஆண்டு உமி நாள் ஏப்ரல் 18, ஞாயிறு. வழக்கம்போல் நடந்தது. ஆனால் நடவு எப்போது என்று கேட்டபோது, நல்ல நேரம் இன்னும் பார்க்கவில்லை, பார்த்ததும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள் கிராமத்தார். என் குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். காலியிடம் எனக்குப் பிடிக்காது. இரவல் வாங்கிய சரித்திரப் புத்தகங்களில் தேதி விடுபட்ட இடத்தில்கூட ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பவன் நான். முந்திய ஆண்டு நடவு மே கடைசி வாரம். அதையே இங்கும் எழுதிவைத்தேன்.

மே இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கங்காணி விண்ணப்ப வேலையாக ஹட்டனுக்குப் போயிருந்தார். கண்டாக்கு ஐயா ஆபீசுக்குள் வந்து, "பெரிய கானை இன்னைக்குத் திறக்கலாமா? கீழ நட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். "இல்லைங்க. மே கடைசியிலதான்."

கிராமத்தார் மூன்று நாள் முன்பே நட்டு முடித்திருந்தார்கள். சொல்லியனுப்பியும் இருந்தார்கள், கங்காணியிடம். அவர் ஊரில் இல்லாத அன்று கானைத் திறந்தார்கள். மாலையில் மழை அடித்தது. விதானையின் மேல் வயல் இரண்டிலும் நாற்று நுனி தெரியாமல் சேறு மூடியது.

கங்காணி திரும்பி வந்து கேட்டார். "கீழ ஆள் நிக்குதான்னு யாரும் கேக்கல்லியா?"

கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். கங்காணி அதைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அன்று அவர் எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

மே 16, ஞாயிறு. இருபத்து மூன்று பேரை அழைத்துக்கொண்டு அவர் வயலுக்கு இறங்கினார். நானும் போனேன். மண்வெட்டி போட்டால் நாற்று அறுந்துவிடும் என்று, தகரத் தட்டாலும் சிரட்டையாலும் சேற்றை வழித்து, நாற்றை ஒவ்வொன்றாகக் கையால் நிமிர்த்தினார்கள். விதானை வரப்பில் கைகட்டி நின்றார். பதினொரு மணி வாக்கில் அவர் மனைவி கித்துள் மரத்துக் கருப்பட்டியும் பால் விடாத தேநீரான சாயத்தண்ணீரும் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். எங்கள் ஆட்களில் ஒருவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "கங்காணி, இது நம்ம மலைக் கொழுந்துதான். நாம கழிச்ச தூசி" என்றான். கங்காணி அதைச் சிங்களத்தில் சொன்னார். விதானையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விதானை சிரிக்கவில்லை. ஆனால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

"உன் ஆட்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கங்காணியிடம் கேட்டார். எனக்கு நன்றாகக் கேட்கும் தூரம்.

"கான் என்னுதுங்க விதானே மாத்தயா. பாக்காம விட்டது என் தப்பு" என்றார் கங்காணி.

நான் அப்போது பேசியிருக்கலாம். சிரட்டையால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் மலை ஏறும்போது அவர் பக்கத்தில் நடந்தேன். "கங்காணி, விசாரணைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. விதானைகிட்டக் கடிதம் கேட்டீங்களா?"

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் அவர் கொஞ்சம் இளகி இருந்தாரே."

"மண்ணு அள்ளுன கையோட கடுதாசி கேட்டா, கடுதாசிக்குத்தான் மண்ணு அள்ளுனோம்னு ஆயிருங்க ஐயா."

"அப்ப நாளைக்குக் கேளுங்க."

கையை விரித்துக் காட்டினார். நகக் கண்ணெல்லாம் வயல் சேறு. "நாளைக்கும் இது போகாதுங்க."

அவருக்குப் பதிலாக நானே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் போனால், கானைத் திறக்கச் சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டிவரும். போகவில்லை. ஜூனில் விசாரணை நடந்தது. அந்த இரண்டு ஆண்டுக்குச் சான்று உண்டா என்று கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் வெட்டிய கானை வேண்டுமானால் வந்து பாருங்கள், போத்தல் வைத்துப் பார்த்தாலும் வாட்டம் தவறாது என்று இவர் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக மறு ஆண்டு கடிதம் வந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியவனும் நான்தான். கேட்டு முடித்துவிட்டு, "இதை எழுதுனவரு நம்ம மலைக்கு வந்திருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

1956 உமி நாளில் விதானை மேலே கானின் தலைப்பில் நின்றிருந்தார். நானும் அங்கே இருந்தேன். கங்காணி கீழே. உமியை விட்டுக் குரலுக்குக் காத்திருந்த இடைவெளியில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன்: கடிதத்தை, குறிப்பேட்டை, என் மௌனத்தை. கீழேயிருந்து "ஆவா" என்று கங்காணியின் குரல் வந்தது. விதானை பதில் கொடுக்கவில்லை. இரண்டாம் முறையும் "ஆவா" என்று கேட்டது. அப்புறம் விதானை என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "அந்த ஆளுக்குக் கேட்க வாய் இல்லை. உனக்குமா இல்லை?"

அன்று மாலையே தாமாக ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது என்று அது திரும்பி வந்தது.

அதன்பின் ஒன்பது ஆண்டு கங்காணி எந்த நாட்டுக்கும் உரியவர் ஆகாமல் எங்கள் மலையில் இருந்தார். கான் வெட்டினார், உமி நாள் நடத்தினார். என்னிடம் முகம் கோணியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1958 இனக் கலவரத்துக்கு மறு ஆண்டு, கீழே இறங்க எங்கள் ஆட்கள் தயங்கினார்கள். அவர் தனியே எல்லைக் கல் வரை போனார். அங்கே விதானை உமிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். "ஏன் தாமதம்?" என்று கேட்டாராம்.

1963இல் அவர் மனைவி இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1964 கடைசியில் இந்த நாட்டு அரசும் இந்திய அரசும் எங்கள் மக்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. கங்காணிக்கு வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. பேரேட்டில் பேர் பதிந்த ஆள் இல்லாவிட்டால், லயக் காம்பராவான ஒற்றை அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தோட்டத்து விதி. துறையூர்ப் பக்கம் அண்ணன் மகன் ஒருவன் இருப்பதாகச் சொல்லி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். அந்த ஊரைப் பற்றி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க தண்ணி எந்தப் பக்கமா ஓடும்ங்க?" நான் பூகோளப் புத்தகத்தைப் பார்த்து, கிழக்கே என்று சொன்னேன். பார்த்தால்தான் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

1965 ஏப்ரல் 17, சனிக்கிழமை, காம்பராச் சாவியை என் மேசையில் வைத்தார். ஒரு தகரப்பெட்டி, ஒரு கம்பளி. கோட்டைப் போட்டிருந்தார். "போயிட்டு வரேங்க ஐயா" என்றார். வர முடியாது என்று இருவருக்கும் தெரியும். குறிப்பேட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். சனி இரவு ஹட்டன் கடைத்தெருவில் தெரிந்த கடையொன்றில் தங்கி, ஞாயிறு ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடிப்பதாக ஏற்பாடு.

ஞாயிறு ஏப்ரல் 18. அந்த ஆண்டு உமி நாள் வேண்டாம் என்று புதிய கான் கங்காணி சொல்லிவிட்டார். கிராமத்துக்கும் தெரிவித்தாயிற்று. 1954க்கும் 1965க்கும் காலண்டர் ஒன்றே. அதே தேதி, அதே கிழமை என்பதை அன்று காலை கவனித்துக் குறித்தேன். பகலில் விதானையின் பேரன் இந்த அரைத்தாளைக் கொண்டுவந்தான்.

உடனே கானின் தலைப்புக்கு ஏறினேன். கரையோரப் பன்னச் செடிகளில் உமி ஒட்டியிருந்தது. மூன்றாம் முடக்கில் இருந்த அடைப்பை யாரோ கையால் வாரிக் கரையில் போட்டிருந்தார்கள். மழை தூறிவிட்டதால் கால் தடம் இல்லை. லயத்தில் வீடு வீடாக விசாரித்தேன். உமியை நான் போடவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். கங்காணி திரும்பக் கொடுத்த காம்பராவில், எப்போதும் மூலையில் கிடக்கும் உமிச் சாக்கு இல்லை. ஹட்டன் கடைக்காரரை மறுவாரம் கேட்டேன். கங்காணி சனி இரவு அங்கே படுத்தது உண்மை என்றார். விடியுமுன் எழுந்து போய்விட்டார், பெட்டியைப் பிறகு ஓர் ஆள் வந்து வாங்கிப்போனான் என்றார். ஹட்டனிலிருந்து கானின் தலைப்புக்கு முதல் பஸ்ஸில் வந்து, மீதியை நடந்தால், வேலை முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். பிடிக்க முடியாமலும் போகலாம். இரண்டு முறை நடந்து பார்த்தேன். ஒருமுறை முடிந்தது, ஒருமுறை முடியவில்லை.

துறையூர் முகவரிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதனால் விதானைக்கும் எழுதவில்லை.

எழுதியிருந்தால் இதுவரை உறுதியானதை மட்டும் எழுதியிருப்பேன். உமி வந்தது உண்மை. கான் திறந்திருந்தது உண்மை. மேலே நின்றவர், "விட்டாச்சு" என்று கூப்பிடவில்லை. கீழேயிருந்து "ஆவா" என்று கூப்பிட்டபோது அவருக்குக் கேட்டதா என்பதும், அந்த ஞாயிறு கங்காணி ரயில் ஏறினாரா என்பதும் உறுதிப்படவில்லை. ஏறியதைக் கண்ணால் கண்டவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.